மேஜரின் வாரிசுகள்

தங்கையாவுக்கு ஒரு பொருளைப் பார்த்தால் அது என்ன, எங்கிருந்து வந்தது, எந்த அலமாரியில் இருக்க வேண்டும் என்ற மூன்றும் தெரிந்தாக வேண்டும். வெலிங்டனில் ராணுவக் கிடங்கு ஒன்றில் முப்பத்திரண்டு வருடங்களாக சிவிலியன் ஸ்டோர்கீப்பர். சீட்டு ஒட்டாத சாமான் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டிலும் அப்படித்தான். அரவேணுவில் தேயிலைச் சரிவை ஒட்டியிருந்த அவர் வீட்டுச் சமையலறையில் உப்பு ஜாடியில்கூட 'உப்பு' என்று சீட்டு ஒட்டியிருக்கும். அவர் மனைவி ரோஸ்மேரி குன்னூரில் நர்சரி பள்ளி டீச்சர். அந்த ஜாடியில் அவள் சர்க்கரை போட்டு வைக்க ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. தங்கையா சமையலறைப் பக்கம் போகிறவர் இல்லை என்பதால் விஷயம் வெளியே வரவில்லை.

இப்படிப்பட்டவர் போன வருடம் கோயம்புத்தூர் போய் பிரம்மா என்ற வெளிநாட்டு இனச் சேவல் ஒன்றை வாங்கி வந்தார். நின்றால் முழங்காலுக்கு மேலே வரும். காலில் விரல் நுனிவரை இறகு; கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். அதற்கு 'மேஜர்' என்று பெயர் வைத்தார். மரநாய்க்குப் பயந்து நாலு பக்கமும் கம்பி வலை, மேலேயும் வலை, கதவுக்கு இரண்டு பூட்டு. சாவி எப்போதும் அவர் இடுப்பில். உள்ளே மேஜரும் மூன்று நாட்டுப் பெட்டைகளும்.

பெட்டைகளில் ஒன்று அடைக்கு உட்காரத் தயாரானதும் தங்கையா பத்து நாள் முட்டைகளை வீட்டுக்குள் சேர்த்து வைத்தார். பதினோரு முட்டைகள். ஒவ்வொன்றின்மேலும் பென்சிலால் எண்ணும் தேதியும் எழுதி, ஒரு சனிக்கிழமை காலையில் ஜெபம் செய்துவிட்டு அடை வைத்தார். ஆபீஸிலும் செய்தி பரவியது. "சுத்த பிரம்மா குஞ்சு சார்" என்று சொல்லிச் சொல்லியே, பொரிப்பதற்கு முன்னாலேயே எல்லாக் குஞ்சுக்கும் ஆள் குறித்துவிட்டார். சூப்பிரண்டு ரொனால்ட் சாருக்கு இரண்டு. முதல் இரண்டு.

இருபத்தோராம் நாள் வெள்ளிக்கிழமை. 'வீட்டில் முக்கிய நிகழ்வு' என்று காரணம் எழுதி லீவ் போட்டிருந்தார். விடிந்ததும் போய்ப் பார்த்தால், பெட்டையின் அடியில் ஒன்பது குஞ்சுகள். இரண்டு முட்டை பொரிக்கவில்லை. தங்கையா ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார்.

ஐந்து குஞ்சுகள் சரியாக இருந்தன. காலில் பஞ்சு ஒட்டியதுபோல மெல்லிய ரோமம். மேஜரின் ரத்தம், சந்தேகமில்லை. ஆறாவதை எடுத்தவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். உடம்பெல்லாம் ரோமம் இருந்தது. கழுத்தில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. தலைக்கும் உடம்புக்கும் நடுவில் சிவப்பாக ஒரு குச்சி நின்றதுபோல இருந்தது. ஏழாவதும் அப்படியே. எட்டாவதும். ஒன்பதாவது குஞ்சுக்குக் கழுத்தெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அலகு கறுப்பு, கால் கறுப்பு, இறக்கையை விலக்கிப் பார்த்தால் தோலும் கறுப்பு.

"ரோஸ்மேரி! இங்க வா! குஞ்சுக்கு என்னமோ சீக்கு வந்திருக்கு, கழுத்து முடியெல்லாம் கொட்டிப்போச்சு!"

ரோஸ்மேரி சமையலறை ஜன்னலிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "பிறந்த குழந்தைங்க அப்படித்தானுங்க இருக்கும். போகப் போகச் சரியாயிடும்" என்றாள். பிறகு வழக்கமான பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தங்கையாவுக்கு இருந்த பதற்றத்தில் அது உறைக்கவில்லை.

ஒன்பது குஞ்சுகளையும் பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே பழைய ஸ்வெட்டரைப் போர்த்தி, கோத்தகிரி கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார். டாக்டர் ஜீவிதா இளம்பெண். முந்தின நாள் முழுக்க ஒரு எருமையின் பிரசவத்தோடு போராடியதில் களைத்துப்போயிருந்தவர், பெட்டியைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார். இது மொட்டைக் கழுத்துக் கோழி. பிறக்கும்போதே இப்படித்தான் பிறக்கும்."

"எங்க சேவல் பிரம்மாங்க டாக்டர்."

"இந்த அஞ்சுக்கும் பிரம்மா அப்பன்தான். காலைப் பார்த்தாலே தெரியுது. கொண்டையும் ஒட்டினாப்ல இருக்கு பாருங்க. ஆனா இந்த மூணும் வேற. அப்பன், அம்மா ரெண்டுல ஒண்ணு மொட்டைக் கழுத்தா இருந்தாத்தான் இப்படிப் பிறக்கும். இந்தக் கறுப்பு கருங்கோழிக் கலப்பு."

"டாக்டர், சும்மா பார்வையை வெச்சு இனத்தைச் சொல்லிட முடியுமா? தப்பாப் போக வாய்ப்பு இருக்குல்ல?"

"கலப்புக் குஞ்சுல எல்லாத்தையும் சொல்ல முடியாதுங்க சார். கலரை நம்பவே கூடாது, இறகு முளைக்கறப்ப மாறிடும். ஆனா கால் ரோமம், கொண்டை, கழுத்து, தோல் நிறம் இதெல்லாம் ஓரளவு பொய் சொல்லாது. அதுலயும் கழுத்து பொய்யே சொல்லாது."

தங்கையா அத்தனையையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அப்ப, சுத்த பிரம்மான்னு அஞ்சுதான் தேறும்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "உங்க பெட்டைங்க என்ன ஜாதி?"

"நாட்டுக்கோழிங்க."

"அப்ப ஒண்ணுகூடத் தேறாதுங்க சார். அம்மான்னு ஒருத்தி இருக்கால்ல?"

முப்பத்திரண்டு வருட அனுபவமுள்ள ஸ்டோர்கீப்பர் இந்த ஒரு விவரத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. மேஜரைப் பார்த்த பிரமிப்பில் பெட்டைகளை அவர் கூண்டின் ஒரு பாகமாகவே நினைத்துவிட்டிருந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவர் மனதில் ஒரே கேள்விதான். மொட்டைக் கழுத்து எங்கிருந்து வந்தது? அதற்கு விடையும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. அந்தச் சரிவு முழுக்கத் தேடினாலும் மொட்டைக் கழுத்துச் சேவல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பக்கத்து வீட்டு நல்லசாமியுடையது. தினமும் அவருடைய பிக்கப் வண்டியின்மேல் ஏறி நின்று, சவரம் செய்த கழுத்தை நீட்டி, மேஜருக்கு முன்னால் கூவும்.

நல்லசாமியோடு தங்கையா பேசி நாலு வருடங்கள் ஆகின்றன. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பாதையைத் தங்கையா டேப் வைத்து அளந்து, நடுவில் மஞ்சள் பெயின்ட் கோடு போட்டார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை ஏற்றி ஃபேக்டரிக்குக் கொண்டுபோகும் நல்லசாமி, அன்று மாலையே பிக்கப்பின் பின்சக்கரத்தைச் சரியாக அந்தக் கோட்டின்மேல் நிறுத்தினார். அதோடு பேச்சு நின்றது.

வீட்டுக்கு வந்த தங்கையா கூண்டைச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பியாக இழுத்துப் பார்த்தார். ஓட்டை இல்லை. ஏணி வைத்து மேலே ஏறி வலையைச் சோதித்தார். கிழிசல் இல்லை. இரண்டு பூட்டும் சரியாக இருந்தன. மேஜர் உள்ளே நின்று, தனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்பதுபோல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு பார்த்தது.

"உனக்கு வெக்கமா இல்ல?" என்று அதைக் கேட்டார். பிறகு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டினார்.

நல்லசாமி பிக்கப்புக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தங்கையா வேறு வழியில்லாமல் கால்களிடம் பேசினார்.

"ஏனுங்க. உங்க சேவலைப் பத்தி ஒரு புகார்."

வண்டிக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. "என்ற சேவல் கோட்டுக்கு இந்தப் பக்கந்தானுங்க நிக்குது. வேணும்னா டேப் வெச்சு அளந்துக்குங்க."

"இப்ப நிக்குது. எங்க கூண்டுக்குள்ள வந்துட்டுப் போயிருக்கு. ஆதாரம் கையில இருக்கு."

கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு முழு நல்லசாமியாக வெளியே வந்தன. மீசையில் கிரீஸ். சண்டைக்குத் தயாரான முகம். தங்கையா பெட்டியிலிருந்து ஆறாம் எண் குஞ்சை எடுத்து அந்த முகத்துக்கு நேராக நீட்டினார்.

நல்லசாமி குஞ்சைப் பார்த்தார். குஞ்சு நல்லசாமியைப் பார்த்து மொட்டைக் கழுத்தை நீட்டிக் கீச்சென்றது.

"அட என்ற தங்கமே!" என்றார் நல்லசாமி. நாலு வருடக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குஞ்சை வாங்கினார். "அப்பனை உரிச்சு வெச்சிருக்குதுங்க!"

"மூணு இருக்கு."

"மூணா?" நல்லசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். "இருங்க, நாம்பாக்கறேன். இதா, இதுவும் எங்களுதுதான்."

"அது நாலாம் நம்பர். காலைப் பாருங்க, பஞ்சு இருக்கு. அது மேஜரோடது."

"காலை உடுங்க. மூஞ்சியப் பாருங்க. அந்தக் கோவம் உங்க மேஜருக்கு ஏதுங்க? அது தூங்குமூஞ்சி."

"கோபத்தையெல்லாம் கணக்குல எடுக்க முடியாது. டாக்டரே சொன்னாங்க. கால், கொண்டை, கழுத்து, தோல். நாலே நாலுதான்." தங்கையா நோட்டைக் காட்டத் தானும் உட்கார வேண்டியதாயிற்று.

அரை மணி நேரம் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள். கொண்டையை விரலால் தடவிப் பார்த்தார்கள். நல்லசாமிக்குக் கோழி விஷயத்தில் நிஜமாகவே கண் இருந்தது. தங்கையா கவனிக்காத ஒன்றை அவர் கவனித்தார்: மொட்டைக் கழுத்து மூன்றிலும் ஒன்றின் காலில்கூடப் பஞ்சு இல்லை. தங்கையா அதை நோட்டில் சேர்த்துக்கொண்டார். வழியோடு போன ஒரு காட்டெருமை தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனதுகூட இருவருக்கும் தெரியாது.

கடைசியில் ஒன்பதாவது வந்தது. கன்னங்கரேலென்று நல்லசாமியின் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது.

"இது உங்களுது இல்லீங்க" என்றார் நல்லசாமி.

"உங்களுதும் இல்ல" என்றார் தங்கையா.

நாலு வருடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை.

நல்லசாமி யோசித்தார். "கூண்டுக்கு எத்தன பூட்டுங்க?"

"ரெண்டு."

"மேல வலை?"

"இன்னிக்குத்தான் ஏறிப் பார்த்தேன். எலிகூட நுழையாது."

"அப்பறம் என்னங்க? ரெண்டு பூட்டுக்குள்ள என்ற சேவலும் வந்து, எங்கியோ கெடக்கற கருஞ்சேவலும் வந்து போச்சுங்களா? சேவல் வரலீங்க. முட்டைதான் வந்திருக்குது." பிறகு அவராகவே முகத்தைச் சுளித்தார். "போன மாசம் எங்க ஊட்ல நாலு முட்டை காணாமப் போச்சுன்னு எங்க ஊட்டுக்காரி ராக்கம்மா சொன்னாளே. கீரி தின்னுருக்கும்னு நானும் சும்மா இருந்துட்டனே!"

அப்போதுதான் ஐந்தரை பஸ் கீழே நின்றது. மழை தூற ஆரம்பித்திருந்தது. ஒரே குடைக்குள் இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். ரோஸ்மேரியின் டிபன் பை ராக்கம்மாவின் தோளில் தொங்கியது. குன்னூர் போகும் வழியில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்யும் ராக்கம்மா எதையோ சொல்லிக் கையை ஆட்ட, ரோஸ்மேரி சிரித்துச் சிரித்துக் குடையைச் சாய்த்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தால், இரண்டு வீட்டு ஆண்களும் அருகருகே தரையில் உட்கார்ந்து, கையில் ஆளுக்கொரு குஞ்சோடு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யார் அதிகமாகத் திடுக்கிட்டார்கள் என்று சொல்வது கடினம்.

"நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்களா?" என்றார் தங்கையா.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?" என்றாள் ரோஸ்மேரி.

ராக்கம்மாதான் முதலில் சுதாரித்தாள். "டீச்சரம்மா, சொல்லிப்போடுங்க. இனி மறைச்சு என்னாகப் போகுது?"

ரோஸ்மேரி குடையை மடக்கினாள். "அடை வைக்கறதுக்கு முந்தின நாள் யாரு ஊட்டுக்கு வந்தாங்க? நெனப்பிருக்குங்களா?"

தங்கையா யோசித்தார். "ரொனால்ட் சார். மழைக்கு ஒதுங்கினவரை நான்தான் சாப்பிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டேன்."

"கூப்பிட்டீங்க. ஊட்ல ஒரு காய் இல்ல, மண் சரிஞ்சு கடையும் சாத்தியாச்சு. நீங்க உள்ள வந்து என்ன சொன்னீங்க? 'சாருக்கு நல்லா ஆம்லெட் போடு'ன்னீங்க. எதுல போடறது?"

தங்கையாவுக்கு மெதுவாக விளங்க ஆரம்பித்தது. வேண்டாம் வேண்டாம் என்று அவர் மனம் அலறியது.

"அஞ்சு முட்டை எடுத்தேன். சாருக்கு ரெண்டு ஆம்லெட்டுக்கு நாலு, உங்களுக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் ஆகா ஓகோன்னு சாப்பிட்டீங்க. காலையில நீங்க எழுந்து எண்ணினா எந்தலை உருளுமே! மஞ்சக் கோட்டைத் தாண்டி ஓடினேன். ராக்கம்மா நாலு குடுத்துச்சு. இன்னொண்ணுக்கு, இவங்ககூட ஃபேக்டரில வேலை செய்யற பாப்பம்மாள் ஊட்ல போய் வாங்கிட்டு வந்துச்சு. நீங்க தூங்கி எழறதுக்குள்ள நம்பரெல்லாம் எழுதி வெச்சுட்டேன்."

"என் கையெழுத்து மாதிரியே?" என்று கேட்டார் தங்கையா.

"நீங்க ஏழுக்குக் குறுக்க ஒரு கோடு போடுவீங்கல்ல, அதையும் போட்டேனுங்க."

முப்பத்திரண்டு வருடங்களில் அவர் கிடங்கில் ஒரு திருகாணிகூட ஆள்மாறாட்டம் செய்ததில்லை. பத்து அடி தூரத்தில், அவர் தூங்கிக்கொண்டிருந்த வீட்டில், முழு மோசடியும் நடந்து முடிந்திருந்தது. கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் பக்கத்தில் நல்லசாமி சிரிப்பை அடக்க முடியாமல் மொட்டைக் கழுத்துக் குஞ்சால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கோபம் வரவேண்டிய இடத்தில் வேறெதுவோ வந்து, தங்கையா தோள் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரோஸ்மேரியே பார்த்து நாளாகியிருந்தது.

டீ போட்டார்கள். நல்லசாமி வீட்டில்தான். குடித்துக்கொண்டிருக்கும்போது தங்கையா கேட்டார்: "நாலு வருஷமா ஒரே பஸ்ல போறீங்க. அப்படி என்னத்தப் பேசுவீங்க?"

"உங்க ரெண்டு பேரையும் பத்தித்தானுங்க" என்றாள் ராக்கம்மா. "குன்னூர் வர்றதே தெரியாது."

ஆனால் ரொனால்ட் சார் இருக்கிறாரே. திங்கட்கிழமை முதல் அவர் தினமும் விசாரித்தார். "தங்கையா, நம்ம பிரம்மா எப்படி இருக்கு?" தங்கையா ஐந்து வாரம், குஞ்சு இன்னும் சின்னது என்று சொல்லிக் கடத்தினார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஒரு காலையில் இரண்டு குஞ்சுகளைக் கூடையில் வைத்துக்கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு, அம்மா நாட்டுக்கோழி என்பதிலிருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னார். ரொனால்ட் சார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் கேட்டார்.

"அன்னிக்கு நான் எத்தனை முட்டை சாப்பிட்டேன்?"

"நாலு, சார்."

"எனக்கு எழுதி வெச்சது?"

"ரெண்டு, சார்."

"அப்ப வேற ரெண்டு பேரோட குஞ்சையும் சேர்த்து நான் சாப்பிட்டுட்டேன்."

"நோட்டுப்படி அப்படித்தான் வருது, சார்."

ரொனால்ட் சார் மேஜையைத் தட்டிச் சிரித்த சத்தம் வராந்தா கடைசிவரை கேட்டது. பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தார். ஒன்று காலில் பஞ்சு வைத்தது. இன்னொன்று மொட்டைக் கழுத்து. மொட்டைக் கழுத்தைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். "இது என்ன, பார்க்க வெளிநாட்டு அயிட்டம் மாதிரி இருக்கு? இதையே இன்னொண்ணு குடுங்க. சாக்ஸ் போட்டதை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அந்த வாரமே ஆபீஸில் மொட்டைக் கழுத்துக்கு அடிதடி ஆகிவிட்டது. நல்லசாமி அதைக் கேள்விப்பட்டு இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை. மேஜரைப் பார்க்கும்போதெல்லாம் "விடு, விடு, எல்லாருக்கும் ஒரு காலம்" என்று ஆறுதல் சொன்னார்.

கறுப்புக் குஞ்சை மட்டும் யாருக்கும் கொடுக்கத் தங்கையாவுக்கு மனம் வரவில்லை. அதன் பூர்வீகம் முழுதாகத் தெரிந்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும். பாப்பம்மாளை வரச் சொல்லி ராக்கம்மாவிடம் சொல்லியனுப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது பாப்பம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். கறுப்பு மடியில் இருந்தது. இரண்டு குடும்பமும் சுற்றி நின்றது.

"அப்ப உங்க ஊட்டுக் கருங்கோழியோட முட்டைதானுங்களே இது?" என்று தங்கையா பென்சிலோடு தயாராக நின்றார்.

பாப்பம்மாள் குஞ்சின் அலகைப் பிரித்து நாக்கைப் பார்த்தாள். "எங்கூட்ல கருங்கோழியே இல்லீங்களே! எங்களுது அப்ப முட்டை இடறத நிறுத்திருச்சு. ராக்கம்மா அவசரம்னு வந்து நின்னாளேன்னு, எந்தங்கச்சி குடுத்துவுட்ட முட்டை ஒண்ணு சாப்பாட்டுக்குன்னு கெடந்தது, அதை எடுத்துக் குடுத்தேன். அவ கீழ் கோத்தகிரில இருக்கறா. அவளும் வளக்கறதில்ல. அக்கம்பக்கத்துல யாரோ குடுத்ததுன்னு சொன்னா."

"யாருன்னு சொன்னாங்களா?"

"யாருக்குங்க தெரியும்? எஸ்டேட் லைன்ல வீட்டுக்கு வீடு கோழிதான்."

ரோஸ்மேரி கணவனைக் கவலையோடு பார்த்தாள். இன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்று அவள் நினைத்தாள். ஆனால் தங்கையா நல்லசாமியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசாமி ஏற்கெனவே சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பக் கெளம்பினா மூணு மணிக்குள்ள போயிரலாமுங்க" என்றார் நல்லசாமி. "தோலையும் நாக்கையும் பாத்தா அப்பனைப் புடிச்சரலாம்."

"அம்மாவையும் பார்க்கணும்" என்றார் தங்கையா. "அம்மாவை விட்டுட்டா கணக்கு தப்பும்."

பாப்பம்மாள் முன் சீட்டில் நடுவே உட்கார வைக்கப்பட்டாள். கறுப்பு அவள் மடியிலேயே இருந்தது. பனி இறங்கிச் சாலை பாதிதான் தெரிந்தது. எந்தப் பாதையில் போவது என்று இரண்டு பேரும் முதல் வளைவிலேயே வாக்குவாதம் ஆரம்பித்தது மேலே நின்ற பெண்களுக்கு நன்றாகவே கேட்டது. சத்தம் பனிக்குள் போய்த் தேய்ந்ததும் ராக்கம்மா புடவையை உதறிச் செருகினாள்.

"எத்தன வீடு இருக்குமுங்க கீழ் கோத்தகிரில?"

"நெறைய இருக்கும்" என்றாள் ரோஸ்மேரி. "வா, நாம நிம்மதியாச் சாப்பிடலாம்."